கம்ப்ரசர் சத்தம் தேடித் தென்காசிக்கு

ஒரு சத்தத்தைப் பற்றி விசாரிக்க விமானம் ஏறியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தச் சத்தம் தென்காசியில்கூட இல்லை. வளைகுடாவில், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நிற்கும் ஒரு எரிவாயு மேடையின் கம்ப்ரசருக்குள் இருந்தது. அதைக் கேட்ட காது மட்டும் தென்காசிக்குப் பக்கத்தில் கடையத்தில் விடுப்பில் இருந்தது.

என் பிழைப்பு குழாய்களின் அழுத்தம் பார்ப்பது. மலேசியாவில் திரங்கானு கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் ஊரிலும் கடலுக்குள் மேடைகள் உண்டு, கரைக்கு வரும் குழாய்கள் உண்டு. இந்த வேலையில் என்னைப் போல் இன்னொரு தமிழச்சியை நான் இதுவரை சந்தித்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்று வீட்டில் சொல்வார்கள். கொஞ்சம் இல்லை, நிறையவே உண்டு.

வளைகுடாவில் ஒரு நிறுவனம் என்னை வேலைக்கு அழைத்திருந்தது. அவர்களுக்குக் கடலில் இரண்டு மேடைகள், பெரியது ஒன்று, சின்னது ஒன்று. இரண்டுக்கும் கரை சேர ஒரே குழாய். கரையில் வாங்குகிறவர்கள் குறைவாக வாங்கும் நாளில் குழாய்க்குள் வாயு அடைந்துகொண்டு, அழுத்தம் பின்னோக்கி ஏறும். அதைத்தான் பேக் பிரஷர் என்கிறோம். பெரிய மேடையில் கம்ப்ரசர் இருக்கிறது, எவ்வளவு ஏறினாலும் எதிர்த்துத் தள்ளிவிடும். சின்ன மேடைக்குக் கடலடி வாயுக் கிணறுகளின் சொந்த மூச்சுதான். ஒரே குழலில் இரண்டு பேர் ஊதினால், நெஞ்சில் பலம் உள்ளவன் ஊதியது மற்றவன் வாய்க்குள் போகும். அப்படிப் போனால் சின்ன மேடை நின்றுவிடும். வயதான கிணறுகள் அவை. ஒருமுறை நின்றால் உள்ளே தண்ணீர் ஏறிக்கொள்ளும், மறுபடி எழுப்புவது பெரும்பாடு. சில எழவே எழாது.

பெரிய மேடையின் ஆபரேட்டர் அவ்வப்போது கரையில் இருக்கும் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு, கம்ப்ரசரில் சத்தம் சரியில்லை என்று சொல்லி, அதன் வேகத்தைக் குறைத்துவிடுகிறார். நிபுணர்கள் வந்து கேட்டார்கள், பிரித்துப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் அந்த ஆபரேட்டரின் காது பெயர் வாங்கிய காது. அவர் எச்சரித்தும் அலட்சியம் செய்த வேறொரு இயந்திரம் முன்பு உடைந்தே போயிருக்கிறது. அதனால் மேலிடத்தில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். பேக் பிரஷர் கூடிக் கம்ப்ரசர் திணறுகிறது, சின்ன மேடையை மூடிவிட்டால் குழாயில் அழுத்தம் குறையும், கம்ப்ரசரும் பிழைக்கும். ஆமாம், அதுதான் சரி என்று நான் ஒரு அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். மூடும் செய்தி மேடைக்காரர்களுக்கு இன்னும் தெரியாது, நான் சொல்லவும் கூடாது.

எழுதக் கை வரவில்லை. யாருக்கும் கேட்காத ஒரு சத்தத்தை நம்பி ஒரு மேடையை மூடச் சொல்லும் தாளில் என் பெயர் இருப்பது எனக்கு இழுக்கு. தொலைபேசியில் கூப்பிட்டால் அந்த மனிதர் பிடி கொடுக்கவில்லை. விடுப்பில் இருக்கிறேன், நேரில் வந்தால் பேசலாம் என்றார். எவள் வரப்போகிறாள் என்ற தைரியம். நான் போய் இறங்கினேன்.

தென்காசியில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. மழை என்று குடை விரித்தால் நின்றுவிடுகிறது, மடக்கினால் விழுகிறது. சீசன் என்பதால் லாட்ஜில் அறை கிடைத்ததே பெரிய காரியம் என்று மேலாளர் மூன்று விதமாகச் சொன்னார். இரவுச் சாப்பாட்டுக்குப் பரோட்டாவும் பொரித்த கோழியும். எங்கள் ஊர் ரொட்டி சானாயை இதனோடு ஒப்பிட்டு இதுநாள்வரை பெருமை பேசிவந்தவள் நான். அன்று வாயை மூடிக்கொண்டு இன்னொரு பரோட்டா கேட்டேன். சால்னாவை ஊற்றியவர், "பிச்சுப் போட்டு ஊறவச்சுச் சாப்பிடுங்க, அவசரப்படாதீங்க" என்று எனக்குப் பாடம் எடுத்தார். அவசரப்படுகிறவள் என்று என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது போலும்.

மறுநாள் கடையத்துக்குப் பேருந்து. பாதி வழியில் டயர் போனது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். பக்கத்தில் நின்ற பெண்மணிக்கு ஒரு மகன் சென்னையில் போலீஸ், இன்னொருவன் ராணுவத்தில். டயர் மாற்றி முடிப்பதற்குள் என் வயது, சம்பளம், கணவர் ஏன் கூட வரவில்லை என்பது வரை கேட்டு முடித்துவிட்டார். எங்கள் ஊரில் பேருந்து பழுதானால் ஆளுக்கு ஒரு கைபேசியில் குனிந்துகொள்வோம். இங்கே ஒரு கல்யாண வீடு கூடிவிடுகிறது. அவர் மடியில் வைத்திருந்த பலாப்பழத்தை, பேருந்து கிளம்பியதும் என் மடிக்கணினிப் பையின் மேல் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த ஆபரேட்டர் சுடலைமுத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி, தணிந்த குரல். நான் வந்தே விட்டதில் கொஞ்சம் ஆடிப்போயிருந்தார் என்று நினைக்கிறேன். மனைவி செல்வி தேங்காய்ப்பால் சொதிக்காக மிக்சியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வயலில் மோட்டார் ஓடியது. சுடலைமுத்து பேச்சை நிறுத்தி, அந்தத் திசையில் ஒரு கணம் தலையைச் சாய்த்து, அதன் பேரிங் இந்த மாதம் தாண்டாது என்றார். பிறகு எனக்கு நாற்காலி போட்டார்.

நான் கொண்டுபோயிருந்தது அவருடைய கம்ப்ரசரின் ஒலிப்பதிவுகள். அவர் சத்தம் என்று புகார் சொன்ன நாட்களின் பதிவுகளைத் தேடி எடுத்து வைத்திருந்தேன். ஹெட்போனை மாட்டிவிட்டு, எந்த இடத்தில் சத்தம் வருகிறதோ கையைத் தூக்குங்கள் என்றேன். கண்ணை மூடிக் கேட்டார். கை எழவில்லை. "இதுல இல்ல" என்றார். அடுத்தது. "இதுலயும் இல்ல." வரிசையாகப் போட்டேன். எதிலும் இல்லை. எனக்கு எரிச்சல் ஏறியது. இதற்கா நான் இத்தனை தூரம் வந்தேன்?

என்னிடம் ஒரு குறும்பு உண்டு. எங்கள் பக்கத்து இயந்திரம் ஒன்று, பேரிங் தேய்ந்து உயிரை விடுவதற்கு முன் பதிவுசெய்தது, கணினியில் கிடந்தது. சொல்லாமல் அதை ஓடவிட்டேன். சுடலைமுத்து ஹெட்போனைப் பிடுங்கி எறியாத குறை.

"இது எம் மெஷின் இல்ல. யாரு வீட்டு மெஷின் மேடம் இது? உடனே நிப்பாட்டச் சொல்லுங்க."

அது நின்று வருடங்கள் ஆகிவிட்டது என்று சமாதானம் சொல்லி, மறுபடி அவருடைய கம்ப்ரசரைப் போட்டேன். கடைசியாக அவர் புகார் சொன்ன நாளின் பதிவு. கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. பள்ளி ஆண்டு விழாவில் மகள் பாடுவதைக் கேட்கும் தகப்பன் முகம். "எம்புட்டுச் சுத்தமா ஓடுது பாத்தீங்களா" என்றார், தன்னை மறந்து.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். துண்டைத் தேடுகிறவர்போல எழுந்து, சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று பின்கட்டுக்குப் போய்விட்டார். பொய் சொல்ல அவருக்கு வாய் இருந்தது. ஆனால் காதில் கேட்டுக்கொண்டே தன் இயந்திரத்தைப் பழிக்க மனம் வரவில்லை. அந்த நிமிடம் அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. கோபம் அப்படியேதான் இருந்தது.

சொதியும் இஞ்சித் துவையலும் வந்தன. அவர் வெளியே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், நாளைக்குச் சின்ன மேடையின் ஆபரேட்டரைப் பார்க்கக் கடையநல்லூர் போகிறேன் என்றேன். செல்வியின் அகப்பை அந்தரத்தில் நின்றது. அந்த ஆபரேட்டர் மைதீனும் தன் கணவரும் ஒன்றாகக் கடல் கடந்தவர்களாம், ஒரே அறையில் கிடந்தவர்களாம். இப்போது பேச்சுவார்த்தை இல்லை. மைதீன் மகளுக்கு நிக்காஹ் நடந்ததாம். அந்தத் தடவை அவருக்குக் கிடைத்த விடுப்போ ரொம்பக் குறைவு. ஊர் முழுக்க நேரில் போய் அழைக்க நேரம் இல்லாமல் சிலருக்குக் கைபேசியில் அனுப்பியிருக்கிறார்.

"எங்களுக்கு வாட்ஸ்அப்ல பத்திரிகை வச்சாங்கக்கா" என்றார் செல்வி. "கூடப்பொறந்தவன் மாதிரி இருந்தவரு. வாசப்படி ஏறி ஒரு வார்த்தை சொல்லலியேன்னு இவுக வீட்டோட இருந்துட்டாக. தன் மவ கல்யாணத்துக்கு வரலியேன்னு அவுகளுக்கு வருத்தம். அதோட சரி."

கடலில் பக்கத்துப் பக்கத்து மேடை, ஒரே மாதத்தில் வேலை, ஒரே மாதத்தில் விடுப்பு. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கரையில் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி, அங்கிருந்து அடுத்தவருக்குப் போகுமாம். நான் சிரித்துவிட்டேன். செல்வி சிரிக்கவில்லை.

கடையநல்லூரில் மைதீன் தெருமுனைக்கே வந்து அழைத்துப் போனார். பருத்த உடம்பு, உரத்த குரல், எதற்கும் ஒரு சிரிப்பு. தெருவில் பழைய நெசவு வீடு ஒன்று இருந்தால் பக்கத்தில் வளைகுடாக் காசில் எழும்பிய மாடி வீடு ஒன்று. நெய்ச்சோறும் தால்ச்சாவும் வைத்து, நான் தட்டைப் பார்க்காத நேரமெல்லாம் கறித்துண்டு போட்டுக்கொண்டே இருந்தார்கள். எங்கள் ஊரில் வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். இங்கே வேண்டாம் என்ற சொல்லுக்கு இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம் வைத்திருக்கிறார்கள்.

மைதீனுக்குத் தன் கிணறுகளைப் பற்றிப் பேச அலுக்கவே இல்லை. எது எப்போது சுணங்கும், எதை எப்படித் தட்டிக்கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் மருமகளைப் போல வர்ணித்தார். அவர் வேலையில் இருக்கும் மாதத்தில் ஒரு கிணறும் நின்றதில்லை. அவர் விடுப்பில் இருக்கும்போது மட்டும் நிற்கிறது. அது எப்படி என்றேன். அல்லா காப்பாத்துதான், கொஞ்சம் கைப்பக்குவமும் உண்டு என்று சிரித்தார். பெரிய மேடையைப் பற்றிக் கேட்டதும் சிரிப்பு சுருங்கியது. எலும்பில்லாத துண்டாகத் தேடி என் தட்டில் வைத்துவிட்டு, "அதை அங்கனதான் கேக்கணும்" என்றார்.

கிளம்பும்போது வாசலில் நின்று, அதே சிரிப்போடு, ஆனால் குரலைத் தணித்துக் கேட்டார். "எங்க மேடைய மூடப் போறாங்களா மேடம்? கிணத்தை ஒருதரம் மூடினா அது மவுத்தா போனதுதான், பொறவு உயிர் வராது. என்கூட வேல பாக்குத பயலுவ எல்லாம் வீட்டுக்குப் போவ வேண்டியதுதான். நானும்தான். இந்த வயசுல எவன் கூப்பிடுவான்?"

தெரியாது என்றேன். தெரியாது என்று சொல்லத்தான் எனக்கு அனுமதி.

சாயங்காலம் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து, முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். சுடலைமுத்து சத்தம் என்று சொன்ன நேரங்களைக் குழாயின் அழுத்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். எல்லோரும் கம்ப்ரசரின் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம், நானும்தான். குழாயில் அழுத்தம் ஏறி, சின்ன மேடையின் கிணறுகள் இனித் தாங்காது என்ற அளவை நெருங்குகிறது. அதைத் தொடுவதற்குச் சற்று முன்னால் பெரிய மேடையில் சத்தம் வருகிறது. வேகம் குறைகிறது, அழுத்தம் இறங்குகிறது, சின்ன மேடை பிழைக்கிறது. ஒருமுறைகூடத் தப்பவில்லை. கரையில் வாங்கும் அளவைப் பார்த்தே குழாய் எப்போது அடையும் என்று முன்கூட்டிக் கணித்திருக்கிறார் மனிதர். நானும் அப்படித்தான் கணிப்பேன். அதே இடத்தில்தான் குறைத்திருப்பேன். என் வித்தையை அறிந்த இன்னொரு ஆளைக் கண்டுகொண்டதில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். பேசாத நண்பனுக்காக இத்தனை மாதமாகக் குழாயில் வழிவிட்டுக்கொண்டிருக்கிறார். அந்த வழிவிடல்தான் இப்போது நண்பனின் மேடையை மூடப்போகிறது என்பது அவருக்குத் தெரியாது.

அடுத்த நாள் ஐந்தருவி. செல்விதான் விடவில்லை, இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் குளிக்காமல் போனால் ஊரில் சிரிப்பார்கள் என்றார். சுடலைமுத்துவின் காரில் போனோம். குற்றாலம் சாலையில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. அவர் முன்வண்டியை ஒட்டாமல் இடம் விட்டே நின்றார். பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்கெல்லாம் கண்ணாடி வழியாகத் தலையாட்டினார். எனக்குத்தான் பொறுமை இல்லை.

அருவிக்குப் போகும் வழியில் கடைகளில் மங்குஸ்தான், ரம்புத்தான், டுரியான் எல்லாம் குவித்து வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பழங்கள். டுரியானைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கி, மலையில் மட்டும் விளையும் அபூர்வம் என்று கடைக்காரர் எனக்கு விளக்கினார். எங்கள் வீட்டுப் பின்புறம் விழுந்து தகரக் கூரையை உடைக்கும் சாமான் இது என்று நான் சொல்ல, அவர் நம்பவில்லை. முகர்ந்து பார்த்து, இன்னும் பழுக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தேன். அப்போதுதான் கொஞ்சம் நம்பினார்.

பெண்கள் பக்கம் கூட்டம் தள்ளியது. தண்ணீர் தலையில் விழுந்ததும் ஒரு நிமிடம் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் சேக்காயு அருவி அழகானதுதான், ஆனால் அங்கே ஆளுக்கொரு பாறையில் தனித்தனியாக உட்கார்ந்திருப்போம். இங்கே முன்பின் தெரியாத பெண் ஒருத்தி என் தோளைப் பிடித்து நல்ல தண்ணீர் விழும் இடத்தில் நிறுத்திவிட்டு, "இங்கன நில்லுங்க, நெத்திக்கு நேரா விழும்" என்றுவிட்டு நகர்ந்தாள்.

குளித்து முடித்து, ஈரத்தலையோடு மிளகாய் பஜ்ஜி கடையில் உட்கார்ந்தோம். செல்வி துணி மாற்றப் போயிருந்தார். மடிக்கணினியைத் திறந்து அழுத்தக் கோட்டையும் அதன் மேல் குறித்த சத்த நேரங்களையும் சுடலைமுத்துவின் முன்னால் வைத்தேன். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. பஜ்ஜியைப் பிய்த்து ஆறவிட்டுக்கொண்டே பேசினார்.

"சும்மா குறைச்சா கன்ட்ரோல் ரூம்ல ஆயிரம் கேள்வி கேப்பான். மெஷின்ல சத்தம்னு சொன்னா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். நான் பாட்டுக்குத் தள்ளிக்கிட்டே இருந்தா அங்கன அவன் கிணறு படுத்துரும் மேடம். எம் மெஷினுக்கு நாளைக்கும் வாயு வருது. அவன் கிணத்துக்கு நாளைன்னு ஒண்ணு கிடையாது."

நான் விதியை மீறினேன். அந்தச் சத்தத்துக்கு மருந்தாகத்தான் சின்ன மேடையை மூடப்போகிறார்கள், நாளை வீடியோ கூட்டத்தில் மைதீனிடமே அறிவிக்கப்போகிறார்கள் என்றேன்.

அவர் கையில் இருந்த பஜ்ஜி தட்டுக்குத் திரும்பியது. கட்டுப்பாட்டு அறைக்குப் பொய்த் தகவல் சொல்வது வேலையை விட்டு அனுப்பும் அளவுக்குக் குற்றம். அதைத்தான் யோசிக்கிறார் என்று நினைத்தேன். நான் இன்னும் அந்த ஊர்க்காரர்களைப் படிக்கவில்லை.

"வேல போனா போவுது" என்றார். "அவன் எங்கிட்ட கேக்கல. கேக்காம நான் குடுத்திருக்கேன். இது தெரிஞ்சா அவனுக்குப் பிச்சை போட்ட மாதிரி ஆயிரும்லா? அதுக்கப்புறம் அவன் மூஞ்சியில நான் எப்பிடி முழிக்க?"

இப்போது மட்டும் முழித்துக்கொண்டா இருக்கிறீர்கள் என்று நாக்கின் நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். கம்ப்ரசரில் ஒரு குறையும் இல்லை என்று என் அறிக்கை சொல்லும், அதில் நான் மாறமாட்டேன். ஏன் குறைத்தீர்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் காட்டிக்கொடுக்க மாட்டேன். நீங்கள் சொல்லாமல் விட்டால் வேறொரு காரணம் கண்டுபிடித்து மேடையை மூடுவார்கள். இவ்வளவுதான் சொன்னேன். திரும்பும் வழியில் காரில் செல்வி மட்டும் பேசிக்கொண்டு வந்தார்.

மறுநாள் முற்பகல் கூட்டம். சுடலைமுத்து வீட்டு முன்னறையில், தையல் மெஷின் மேல் மடிக்கணினியை வைத்தோம். அவர் சலவைச் சட்டை போட்டிருந்தார், கீழே லுங்கிதான், அவர்கள் மொழியில் சாரம். திரையில் வளைகுடாவிலிருந்து நிறுவனத்தின் மேலாளர், ஸ்காட்லாந்துக்காரர். ஒரு மூலையில் சின்னச் சதுரத்தில் மைதீன், தொப்பி வைத்து, சிரிக்காமல். ஆங்கிலத்தில் நடந்ததைத் தமிழில் சொல்கிறேன்.

மேலாளர் சுற்றி வளைக்கவில்லை. கம்ப்ரசரின் நலனுக்காகச் சின்ன மேடையை நிறுத்த உத்தேசித்திருக்கிறோம் என்றார். மைதீனின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. மேலாளர் என் பெயரைச் சொல்லி அறிக்கையைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சுடலைமுத்து பேசிவிட்டார். மெஷினில் சத்தம் இல்லை, எப்போதும் இருந்ததில்லை, நான் சொன்னது பொய் என்றார்.

பிறகு ஏன் குறைத்தாய் என்று மேலாளர் கேட்டார். சின்ன மேடை நின்றுவிடக் கூடாது என்பதற்காக. யார் சொல்லிக் குறைத்தாய்? யாரும் சொல்லவில்லை. மைதீன் கேட்டாரா? இல்லை, அவருக்கு இதில் ஒன்றும் தெரியாது, அவரை இழுக்காதீர்கள் என்றார் சுடலைமுத்து. தலை நிமிர்ந்தே இருந்தது.

மேலாளருக்கு முகம் சிவந்தது. கட்டுப்பாட்டு அறையை ஏமாற்றுவது என்றால் என்னவென்று தெரியுமா என்று ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே புகுந்து என் கோடுகளைத் திரையில் போட்டேன். இவர்கள் இருவரும் பணியில் இருக்கும் மாதத்தையும், மற்ற அணி இருக்கும் மாதத்தையும் அருகருகே வைத்துக் காட்டினேன். மற்ற மாதத்தில் பெரிய மேடை விட்டுக்கொடுப்பதே இல்லை. சின்னது நிற்கிறது, எழுப்ப நாட்கள் போகின்றன, எழுப்புவதற்காக வாயுவை எரித்துத் தள்ளுகிறார்கள். இவர்கள் மாதத்தில்தான் கரைக்கு மொத்தமாக அதிக வாயு வந்து சேர்ந்திருக்கிறது. குழாயில் அழுத்தம் இந்த அளவைத் தொட்டால் பலமுள்ளவன் முதலில் குறைக்க வேண்டும் என்று ஒரு விதி எழுதுங்கள், எல்லா அணிக்கும் எழுதுங்கள், பிறகு யாரும் பொய் சொல்ல வேண்டியிருக்காது என்றேன். அதை நான் சொன்ன விதத்தில் கொஞ்சம் திமிர் இருந்திருக்கும். இருக்கட்டும்.

மேலாளர் நெடுநேரம் கோடுகளைப் பார்த்தார். பிறகு மைதீனைக் கூப்பிட்டு, உனக்கு இது தெரியுமா என்று கேட்டார்.

தெரியும் என்றார் மைதீன். அவன் குறைக்கும்போதெல்லாம் என் பிரஷர் கேஜில் முள் இறங்கும், வேறு யாராலும் அப்படி இறங்காது என்றார். பின் ஏன் எங்களிடம் சொல்லவில்லை? அவன் யாருக்கும் சொல்லாமல் செய்கிறான், அதை நான் எப்படிச் சொல்ல முடியும் என்று திருப்பிக் கேட்டார் மைதீன்.

இந்த இரண்டு பேரும் என் தொழில்காரர்கள், என் மொழிக்காரர்கள் என்று அந்த ஸ்காட்லாந்துக்காரரிடம் கத்திச் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சின்ன மேடை மூடப்படாது என்றார். விதி எழுதப்படும், நான்தான் எழுதித் தர வேண்டும். சுடலைமுத்துவுக்கு எச்சரிக்கைக் கடிதம் உண்டு, அதில் மாற்றம் இல்லை, வேலை இருக்கும். அடுத்த விஷயத்துக்குப் போகலாமா என்று அவர் கேட்டபோதுதான் அந்தச் சின்னச் சதுரத்திலிருந்து தமிழ் கிளம்பியது.

"ஏலே சுடலை, சத்தம் வருது சத்தம் வருதுன்னு சொல்லி எம் மேடைக்கே உலை வச்சிட்டியேலே. அறிவு இருக்கா உனக்கு?"

"நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் ஏம்லே பொய் சொல்லப் போறேன்?"

"நான் கேக்கணுமோ? ஒரு போன் போட்டா உன் கிரீடம் இறங்கிருமோ?"

சமையலறை வாசலில் நின்ற செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் முடிக்க விடாமல் ஏறிக்கொண்டே போனார்கள். சுடலைமுத்து நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசினார், சாரம் திரையில் தெரிவதைப் பற்றிக் கவலையே இல்லை. மைதீன் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி திட்டினார்.

மேலாளர் இரண்டு சதுரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன சொல்கிறார்கள் என்று என்னைக் கேட்டார்.

நன்றி சொல்லிக்கொள்கிறார்கள் என்றேன்.

கேட்டால் அப்படித் தெரியவில்லையே என்றார்.

"எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வோம்" என்றேன்.